சக்களத்தியின் தையல்

என் வீட்டுக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளில் இன்ஜினுக்கு முன்னால் ஒரு தோல் மறைப்பு கட்டியிருக்கும். லெக் கார்டின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, பனிக்காற்றும் சேற்றுத் தண்ணீரும் ஓட்டுகிறவர் காலில் அடிக்காமல் இருப்பதற்காகத் தைத்தது. மற்ற ஊர்களில் இதை ரெக்சினிலோ தார்ப்பாயிலோ கட்டுவார்கள். எங்கள் ஆம்பூரில் தோலுக்குக் குறைவில்லை என்பதால் இவர் வண்டிக்கு நல்ல எருமைத் தோல். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே எனக்கு அந்தத் தோலைக் கண்டால் ஆகாது. அதை வண்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதுதான் பல வருடம் என் மனதில் இருந்த ஒரே ஆசை. நகை கேட்டதில்லை, ஊட்டி கொடைக்கானல் கேட்டதில்லை. இதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். மிஷினில் உட்கார்ந்து ஆரம்பித்து இப்போது ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைக் கையில் எடுத்தால் எங்கள் லைனில் யார் தைத்தது என்று சொல்லிவிடுவேன். ஒருத்தி வளைவில் அவசரப்படுவாள். ஒருத்தி ஓரத்தை ரொம்ப நெருக்கிப் பிடிப்பாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவளின் தையல் அன்றைக்குக் கொஞ்சம் இறுகியிருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுப்போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முதலில் செருப்பைத்தான் பார்ப்பேன்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தவள் சும்மா இருக்காமல் அந்தத் தோலைத் தடவிப் பார்த்தேன். ஓரத்தை மெல்லியதாகச் சீவி மடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தது. இரண்டு வரியும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே இடைவெளியில் ஓடின. மூலை திரும்பும் இடத்தில் சாதாரணமாகத் தோல் சுருங்கும். இதில் சுருங்கவில்லை. நூல் முனையை அடிப்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, லைட்டரால் சுட்டு அமுக்கியிருந்தது. காசுக்குத் தைக்கிறவர்கள் அடிப்பக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

“இது யாரு தைச்சது?” என்று கேட்டேன்.

“முன்னாடி இருந்த கம்பெனில ஒரு பொண்ணு தைச்சுக் குடுத்துது.”

“எந்தப் பொண்ணு?”

“கல்யாணம் ஆயி பெங்களூர் பக்கம் போய்டுச்சு.”

அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுத் துணியைப் பிழிந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவர். தோலில் எங்கே வடு இருக்கிறது, எங்கே நரம்பு ஓடுகிறது என்று பார்த்து ஒரு துண்டுகூட வீணாகாமல் வெட்டுவார். பேச்சிலும் அதே சிக்கனம். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாக வராது. அன்றைக்கு நான் அதற்கு மேல் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் வயிறு எரிந்தது. அவள் இவரை விரும்பினாளா, இவர் அவளை விரும்பினாரா என்பதெல்லாம் பிறகு வந்த யோசனை. முதலில் எரிந்தது வேறு காரணத்துக்காக. அவள் என்னைவிட நன்றாகத் தைத்திருந்தாள்.

அந்த ஒரு மறைப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஹெட்லைட்டிலிருந்து டேங்குக்கு அடியில் போகிற வயர்க்கட்டுக்கும் அவள் ஒரு உறை தைத்துப் போட்டிருந்தாள். கறுப்புத் தோல், நீளமாக, பாம்புச் சட்டை மாதிரி. வயர்கள் வெயிலில் வெடிக்கக்கூடாது, ஹேண்டில் திரும்பும்போது உரசக்கூடாது என்று யோசித்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் வண்டிக்கு என்ன தேவை என்று என்னைவிட அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தால் ஹேண்டில்பார் பக்கத்தில் அந்தக் கறுப்பு உறை தெரியும். சக்களத்தியை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

வண்டி ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றுகிற பழைய ரகம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் வேறொருவரிடமிருந்து வாங்கியது. அதற்கு இரண்டு வியாதி. ஒன்று, சூடு. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். இன்ஜினிலிருந்து டிக்டிக் என்று ஒரு சத்தம் வரும். இன்னும் முறுக்கினால் பிஸ்டன் இறுகி வண்டியே நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, உதைத்தால் மறுபடி கிளம்பும். இன்னொன்று, மழை. நாலு தூறல் போட்டால் போதும், ஹாரன் முனகும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். கொஞ்சம் ஜாஸ்தியாக நனைந்தால் ஃபியூஸ் போய் எல்லா விளக்கும் அணைந்துவிடும். வெயில் காய்ந்ததும் புது ஃபியூஸ் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எரியும்.

வாணியம்பாடியில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். பழைய வண்டிகளை அவர்தான் பார்ப்பார். இவர் அவரிடம் கொண்டுபோகாத மாதம் கம்மி. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். சைலன்சரில் கரி எடுப்பார்கள். ஆயிலை ஏற்றிப் பார்த்தார்கள், புகைதான் ஏறியது. பாய் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்க சார், பிளக்கு வெள்ளையா வெளுத்துக் கெடக்குது. இன்ஜினுக்கு சூடு ஜாஸ்தி ஆவுது. ஆனா நான் ஓட்டிப் பாத்தா ஒண்ணும் ஆவ மாட்டேங்குதே. பேஜாரா இருக்குது சார்,” என்பார்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். கிளம்புவதற்கு முன் இவர் வாசலில் குந்தி உட்கார்ந்து, மறைப்பின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தோலை எடுத்துத் தூசி தட்டி, ஒரு பழைய வேட்டியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

“கடைல கிரீஸ் பட்டுடும்,” என்றார்.

என் புது நைட்டியைக் கிரீஸ் துடைக்க எடுத்த மனிதர் இவர். அன்றைக்கு ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். பாய் ஏதோ சரி செய்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் இவர் மறைப்பைத் திரும்பக் கட்டினார். அந்த வாரமே வண்டி ஹைவேயில் நின்றது. அப்போது எனக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பொறாமையில் இருக்கிறவளுக்குக் கண் தெரியும், புத்தி வேலை செய்யாது.

வயரிங் விஷயத்திலும் அதே கதைதான். பேட்டரி மாற்றினார்கள், ரெக்டிஃபையர் மாற்றினார்கள், ஹாரன் சுவிட்சை மாற்றினார்கள். கடைசியில் பாய் அந்தக் கறுப்பு உறையை விரலால் தட்டினார்.

“இதப் பிரிச்சுப் பாக்கணும் சார். உள்ள வயரு எப்பிடி இருக்குதோ.”

“அது வேணாம் பாய். வேற ஏதாவது பாருங்க,” என்றார் இவர்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

பிறகு காட்பாடியில் என் சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. சர்ச்சில் காலையில் திருமணம். எங்கள் வீட்டில் எனக்கு அடுத்துப் பிறந்தவள் மாதிரி வளர்ந்தவள் அவள். அவள் கல்யாணத்துக்கு முதல் நாளே போகலாம் என்று பார்த்தால் கம்பெனியில் ஷிப்மென்ட், லீவு கிடைக்கவில்லை. காலையில் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினேன். பஸ்ஸில் போகலாம் என்று சொன்னேன். “சீக்கிரம் போய்டலாம், ஒக்காரு,” என்றார். ஐப்பசி மாதம், மேகம் மூடியிருந்தது.

மாதனூர் தாண்டுவதற்குள் அந்த டிக்டிக் சத்தம் ஆரம்பித்தது. இவர் வேகத்தைக் குறைத்தார். அதற்குள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் பின்சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்து எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. இலைக்கு நடுவில் ஒழுகுகிற தண்ணீர் என் தோளில் இறங்கிச் சரிகையை நனைத்தது. நான் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். எனக்குத்தான் தரப்போகிறார் என்று கையைக்கூட நீட்டினேன். அவர் குனிந்து அந்தத் தோல் மறைப்பில் விழுந்த மழைத்துளிகளைத் துடைத்தார்.

வண்டி ஆறிக் கிளம்பினாலும் ஃபியூஸ் போயிருந்தது. லைட் இல்லை, ஹாரன் இல்லை. பக்கத்தில் லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போக, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சர்ச் வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “சாப்பாட்டுக்காவது வந்தியே,” என்றாள். என் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. எல்லாரும் மழை மழை என்று சமாதானம் சொன்னார்கள். எனக்கு மழையின் மேல் கோபம் இல்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஷூவில் கயிறு கோர்க்கிற பித்தளை வளையங்கள் பச்சை பிடித்துவிட்டதாகப் புகார். இது எங்களுக்குத் தெரிந்த தலைவலிதான். தோலில் ஈரம் மிச்சமிருந்து, அதைப் பெட்டியில் மூடி வைத்துவிட்டால், தோலில் இருக்கிற உப்பு பித்தளையைத் தின்னும். செம்பையும் தின்னும். நான் ஒரு ஷூவைக் கையில் எடுத்து, நகத்தால் அந்தப் பச்சையைச் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற செக்கர் பெண், “இன்னாக்கா, அதையே பாத்துனு இருக்கீங்க?” என்று கேட்டாள்.

செம்பு வயர். தோல் உறை. மழை. தோல்காரிக்குத்தான் தோன்றும், வயருக்குத் தோலால் உறை போடலாம் என்று. வேறு ஊர்க்காரியாக இருந்தால் டேப் சுற்றியிருப்பாள். எவ்வளவு நன்றாகத் தைத்தாளோ அவ்வளவு நன்றாக உள்ளே ஈரம் தங்கியிருக்கும். தையல் நெருக்கம், காற்று போக வழியில்லை. அடுத்த நொடியே மறைப்பும் புரிந்துவிட்டது. அலமாரியில் இருக்கும்போது வண்டி ஓடுகிறது, கட்டினால் நிற்கிறது. இன்ஜினைக் குளிர வைப்பது எதிர்க்காற்று. அந்தக் காற்றைத்தான் அவள் அழகாக இரண்டு வரித் தையல் போட்டு மறைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பழுதாகித் திரும்பி வந்த பெட்டியின் முன்னால் நின்று சிரித்த சூப்பர்வைசர் அந்தக் கம்பெனியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சொல்லிக் கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து பாடகர் குழுப் பயிற்சியும் முடித்துவிட்டுத்தான் இவர் வருவார். நடந்தே போயிருந்தார். நான் வண்டியைச் சுவரோரம் நிழலில் நிறுத்தி, பேட்டரி வயரை முதலில் கழற்றினேன். பாய் கடையில் உட்கார்ந்து பார்த்ததில் அந்த அளவு தெரியும். தையல் மிஷினுக்குப் பெல்ட்டும் வயரும் நானே மாற்றுவேன், இது ஒன்றும் பிரமாதமில்லை. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்தேன். வெட்டினால் பொறாமையில் செய்தேன் என்று ஆகிவிடும். பிரித்தால் வேலை.

ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தேன். அவள் கை எவ்வளவு நிதானம் என்பது பிரிக்கும்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஒரு இடத்திலும் நூல் தளரவில்லை. உள்ளே ஏதாவது இருக்குமோ, ஒரு எழுத்து, ஒரு பூ, ஏதாவது ஒன்று அவள் வைத்துத் தைத்திருப்பாளோ என்று விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஈரத்தோல் வாடையும், பிசுபிசுப்பும், பச்சை பூத்த செம்பும்தான் இருந்தன. வயர்களின் மேல்தோல் வெடித்து இரண்டு மூன்று இடத்தில் செம்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லாததில் எனக்கு ஏமாற்றம்கூட இருந்தது. ஒரு எழுத்து இருந்திருந்தால் அதை வைத்து நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

நிறம் மாறிவிடக்கூடாது என்று ஒரு வயரை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். பச்சை பிடித்த பாகத்தை நறுக்கி, நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுத் துண்டு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினேன். பேட்டரியை மாட்டிப் புது ஃபியூஸ் போட்டேன். சாவியைத் திருப்பி ஹாரனை அழுத்தினால், அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா உருதுவில் ஏதோ திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் நன்றாக ஊற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே சத்தம். இண்டிகேட்டர் தன் வேலையை மட்டும் பார்த்தது.

பிறகு மறைப்பின் கயிறுகளை அவிழ்த்தேன். இன்ஜின் என் கண்ணுக்கு முதல்முறையாக முழுதாகத் தெரிந்தது, வரிவரியான அந்த இரும்பு மடிப்புகளோடு. எனக்கு கியர் வண்டி ஓட்ட வரும். சுடிதார் மாற்றிக்கொண்டு எடுத்துக் கிளம்பினேன். ஹைவேயில் ஏறி, மாதனூர்ப் புளியமரம் வரைக்கும் வேகமாகவே போனேன். இழுவை குறையவில்லை, டிக்டிக் இல்லை. மரத்தடியில் நிறுத்தி இன்ஜின் பக்கத்தில் கையைக் காட்டினேன். சூடு இருந்தது, ஆனால் அது ஓடுகிற இன்ஜினுக்கு இருக்கிற சூடு. திரும்பி வரும்போது நான் பாடிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சக்களத்தி தோற்றுவிட்டாள். அவள் தைத்தது அழகு, ஆனால் தப்பு.

அவர் வரும்போது மறைப்பையும் உறையையும் வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

“வயரு பூரா பச்சை புடிச்சுக் கெடந்துது. மாத்திட்டேன். ஹாரன் அடிச்சுப் பாருங்க,” என்றேன்.

அடித்துப் பார்த்தார். லைட்டைப் போட்டார். டேப் சுற்றிய இடங்களை விரலால் தடவிக்கொண்டே போனார். “நல்லா பண்ணிருக்கே,” என்றார். “இது எனக்குத் தோணவே இல்ல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. “அந்தத் தோலு இருக்குது பாருங்க, அதுதான் காத்த மறைக்குது. அதனாலதான் இத்தினி வருஷமா சூடாவுது,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. “இன்னா தெரியும்?”

“காத்து வராதுன்னு. கட்டுன கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுடுச்சு.”

“தெரிஞ்சுமா பாய்கிட்ட போய்ப் போய் நின்னீங்க?”

“வேற ஏதாவது பண்ணி சரியாவுமான்னு பாத்தேன்.” கேட்காமலே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். “கஷ்டப்பட்டுத் தைச்சுக் குடுத்துது. கழட்டிப் போட மனசு வரல.”

தெரியாமல் வைத்திருந்தார் என்றுதான் இத்தனை நேரம் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே வைத்திருந்திருக்கிறார். இன்ஜின் இறுகினாலும் பரவாயில்லை, ரோட்டில் நின்றாலும் பரவாயில்லை, என் தங்கை கல்யாணமே போனாலும் பரவாயில்லை, அவள் தைத்தது இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நான் எழுந்து உள்ளே போய்ச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். அவளை நேசித்தீர்களா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மையைத்தான் சொல்வார். அந்தப் பயத்தில் கேட்கவில்லை, இன்று வரை கேட்கவில்லை.

அவர் அந்தத் தோலைத் திரும்பக் கட்டவில்லை. ஒளித்து வைக்கவும் இல்லை. இரண்டையும் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. சர்ச்சுக்கு, கம்பெனிக்கு, நாட்றம்பள்ளியில் அவர் அக்கா வீட்டுக்கு, எங்கும் நிற்காமல் போய் வந்தோம். நான் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலாக என் டேப் சுற்றலைப் பார்த்துக்கொண்டு போனேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தோல் வண்டியில் இல்லை, ஆனால் போகிற இடமெல்லாம் கூட வந்தது. பிஸ்டனைப் பணயம் வைக்கிற அளவுக்கு எனக்காக இவர் எதையாவது வைத்திருக்கிறாரா என்று வீட்டில் ஒவ்வொரு பொருளாகத் தேடிப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் பையைத் தவிர நான் தைத்துக் கொடுத்தது ஒன்றும் இல்லை.

கார்த்திகையிலேயே பனி ஆரம்பித்தது. காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டு வருகிறவர் மாலையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பனிக்காற்று நேராக அடிக்கிறது. வாய் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பேரணாம்பட்டு ரோட்டில் கழிவுத்தோல் விற்கிற கடைக்குப் போய், குவியலைக் கிளறி, வடு இல்லாத ஒரு எருமைத் தோலைத் தேர்ந்தெடுத்தேன். கம்பெனிக்குள் வெளித்தோலைக் கொண்டுபோவது லேசு இல்லை. கொண்டுபோனதைத் திரும்ப வெளியே கொண்டுவருவது அதைவிட வம்பு. கேட்டில் செக்யூரிட்டி என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். மானேஜரிடம் கையெழுத்து வாங்கி, சாம்பிள் ரூம் மிஷினில் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து தைத்தேன்.

சொந்த விஷயத்துக்கு நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஓரம் சீவினேன், இரட்டைத் தையல் போட்டேன். மூலையில் சுருங்கியது. பிரித்தேன், மறுபடி போட்டேன், மறுபடி சுருங்கியது. கடைசியில் வீட்டுக்கு வந்து, அவர் இல்லாத நேரத்தில் அலமாரி மேல் இருந்ததை எடுத்து, அவள் மூலையில் என்ன செய்திருக்கிறாள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திருப்புவதற்கு முன் ஒரு தையலைச் சரிவாக விட்டிருந்தாள். அதேபோல் விட்டேன். சுருங்கவில்லை. அவளிடம் படித்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் செய்யாத ஒன்றை நான் செய்தேன். இன்ஜினுக்கு நேராக வரிசையாகக் காற்றுவழிகள் வெட்டி, ஓரம் கட்டி விட்டேன். காலுக்குக் காற்று வராது, இன்ஜினுக்கு வரும். அவளுக்கு இந்த மூளை இல்லை பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு அதை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலைத் தையல் மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நூல் முனைகளை நானும் சுட்டு அமுக்கியிருந்தேன். “நல்லாருக்கு,” என்றார். அதைவிட நல்லாருக்கு என்று சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாகக் கட்டினார்.

தை மாதத்தில் ஒரு நாள் ஹைவே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர், “உங்க வூட்டுக்காரரு இப்பல்லாம் தெனம் இங்க நிக்கிறாரும்மா. டீ குடிக்கறதுக்கு இல்ல. வண்டி ஆறட்டும்னு நிக்கிறாரு,” என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“வண்டி சூடாவுதா?”

“இல்லியே,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். காற்றுவழிகளை நான் அழகுக்காகச் சின்னதாக வெட்டிவிட்டேன். நான் வெட்டிய இடம் இன்ஜினுக்கு நேராக இருந்தது, ஆனால் காற்று அப்படி வரிசையில் நின்று உள்ளே வராது. மாதங்கள் ஓடின. போன வாரம் காட்பாடியில் தங்கைக்கு வளைகாப்பு. வண்டியில்தான் போனோம். மாதனூர் தாண்டுவதற்குள் டிக்டிக் என்றது. அவர் வேகத்தைக் குறைத்து, பதற்றமில்லாமல் அதே புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். “கொஞ்சம் நின்னு போலாம். வெயிலா இருக்குது,” என்றார்.

காலை வெயில், உறைக்கக்கூட இல்லை. யார் கஷ்டப்பட்டுத் தைத்துக் கொடுத்தாலும் இந்த மனிதர் இப்படித்தான் இருப்பார் என்று என் மனம் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அதை நான் பேசவிடுவதில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து மறைப்பில் படிந்த ரோட்டுத் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார், மூலையில் கொஞ்சம் மெதுவாக. கழற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம், நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மரத்து வேரில் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, “ஆறட்டும்,” என்றேன்.